சாஃப்ட் மெஷின்: 'தேர்ட்' கேட்டாச்சு, இனி எந்தப் பக்கம் போறது?

உக்கடத்து டிரம்மர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூர், டிரம்ஸ் வாசிக்கறேன். கிங் கிரிம்சன், யெஸ் வழியாத்தான் பழைய இங்கிலாந்து பிராக் (புரோகிரசிவ் ராக்) பக்கம் வந்தேன். இப்ப கொஞ்ச நாளா சாஃப்ட் மெஷின் குழுவோட 'தேர்ட்' (1970) ஆல்பம் மட்டும்தான் வீட்ல ஓடுது. எங்கம்மா காதுல பஞ்சு வெக்காத குறை.

ரெண்டு எல்பி, நாலு பக்கம், பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு, ஒவ்வொண்ணும் பதினெட்டு பத்தொம்பது நிமிஷம். 'அவுட்-ப்ளடி-ரேஜஸ்' ஆரம்பத்துல கீபோர்டு சுத்திச் சுத்தி வருதே, அந்த இடத்துக்கு நான் அடிமை. 'ஸ்லைட்லி ஆல் த டைம்'ல பேஸ் தனியா நுழையறதும் அப்படித்தான். ஆனா 'ஃபேஸ்லிஃப்ட்' முதல் அஞ்சு நிமிஷம் இன்னும் எனக்கு வெறும் இரைச்சல். 'மூன் இன் ஜூன்' நல்லாத்தான் இருக்கு, அது ஏன் இந்த ஆல்பத்துல இருக்குதுன்னுதான் புரியல.

அடுத்து என்ன கேக்கறதுன்னு தேடினா தலை சுத்துது. 'ஃபோர்த்' போட்டேன், பாடற ஆளையே காணோம். 'பண்டில்ஸ்' போட்டேன், கித்தார் பறக்குது, பேர் மட்டும்தான் அதே பேர். முதல் ஆல்பத்துக்குப் போனா சைகடெலிக் பாப். எந்த வரிசையில போனா இவங்க பிடிபடுவாங்க? 'தேர்ட்' ஒலிப்பதிவு ஏன் இவ்வளவு மங்கல்? என் ஹெட்ஃபோன் கோளாறா? இதுல வாசிக்கற ராபர்ட் வயட்டோட டிரம்ஸ் பத்தி யாராச்சும் விவரமாச் சொன்னா ரொம்ப சந்தோஷம்.

---

ஆறு தந்தி

ப்ரோ, 'பண்டில்ஸ்'ஸ அப்படித் தாண்டிப் போயிராதீங்க. நான் மதுரைல கித்தார் சொல்லிக் கொடுக்கிறவன், அதனால ஒருதலைப்பட்சமாத்தான் பேசுவேன்.

1975. ஆரம்பத்துல இருந்த கித்தார்காரர் டேவிட் ஆலன் போனதுக்கப்புறம் இந்தக் குழுவோட எந்த ஆல்பத்துலயும் கித்தாருக்குன்னு ஒரு முழுநேர ஆள் கிடையாது. திடீர்னு ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் வர்றாரு. 'ஹசார்ட் ப்ரொஃபைல்' முதல் பாகம் போடுங்க. அந்த ரிஃப் கார்ல் ஜென்கின்ஸ் தன் பழைய குழு நியூக்ளியஸ்ல இருந்து கையோட கொண்டு வந்தது. அங்க அதுக்கு 'சாங் ஃபார் த பியர்டட் லேடி'ன்னு பேர், 1971லயே வந்திருச்சு. இங்க அதுமேல ஹோல்ட்ஸ்வொர்த் வாசிக்கிற சோலோ இருக்கே, வலது கை பிக் படுறதே தெரியாது, முழுக்க இடது கை லெகாட்டோ, சுரத்தோட சுரம் இழைஞ்சே போகும். சாக்ஸ் ஊதுற ஆள் மூச்சு விடுற மாதிரி சொற்கட்டு போகும். எட்டி வான் ஹேலன் இவரைத் தலைல தூக்கி வெச்சு ஆடுனாருன்னா சும்மாவா?

அடுத்த ஆல்பம் 'சாஃப்ட்ஸ்' (1976), ஹோல்ட்ஸ்வொர்த் போயி ஜான் எதரிட்ஜ் வந்தாச்சு. 'த டேல் ஆஃப் டாலியெசின்' நடுவுல வேகம் எடுக்கிற இடம் கேளுங்க. இந்த மனுஷன் இன்னிக்கும் இதே பேர்ல குழுவை நடத்திட்டு இருக்காரு.

'ஃபோர்த்' எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

---

குறோய்டன் பெரியப்பா

தம்பி, உம்மட ஹெட்ஃபோனில ஒரு பிழையும் இல்லை. பதிவே அப்பிடித்தான். 'ஃபேஸ்லிஃப்ட்' ஸ்டூடியோவில செய்ததில்லை; ரெண்டு மேடைக் கச்சேரியை நாடாவில வெட்டி ஒட்டினது. ஒண்டு 1970 ஜனவரி 4, இஞ்ச குறோய்டன் ஃபேர்ஃபீல்ட் ஹோல்ஸ். மற்றது ஒரு கிழமை கழிச்சு பர்மிங்ஹாம் மதர்ஸ் கிளப். கடைசியில வாற இடத்தைக் கவனியும், நாடாவைத் தலைகீழா ஓட விட்டிருக்கினம்.

நான் இந்த ஊருக்கு வந்தது எண்பதுகளில. இரவு வேலை செய்த இடத்தில கென்ட் பக்கத்து ஆள் ஒருத்தர் தான் எனக்கு இந்த கசற்றுகளைத் தந்தவர். அதுக்கு முதல் எனக்கு இங்கிலீஷ் பாட்டெண்டால் இலங்கை வானொலியில போறது மட்டும் தான். ஃபேர்ஃபீல்ட் ஹோல்ஸுக்குள்ள நான் முதல் போனதும் ஜாஸ் கேக்க இல்லை, தெரிஞ்ச ஆக்களின்ர பிள்ளையின்ர அரங்கேற்றத்துக்கு. ஈஸ்ற் குறோய்டன் ஸ்ரேசனில இருந்து நடை தூரம். பிறகு திருத்த வேலைக்கெண்டு 2016இல மூடி, 2019இல திறந்தவை. இப்பவும் அந்தப் பக்கம் போகேக்க எனக்கு உந்த இரைச்சல் தான் ஞாபகம் வாறது.

அந்த இரைச்சலை நீர் கொஞ்சம் பொறுமையாக் கேக்கோணும். அது மைக் றற்லெட்ஜின்ர லோறி ஓர்கன். மற்ற றொக் ஆக்கள் எல்லாம் ஹமண்ட் வைச்சிருந்த காலத்தில அவர் லோறியை ஃபஸ் பெட்டிக்குள்ளால (சத்தத்தைக் கரகரப்பாக்கிற பெட்டி) விட்டு வாசிச்சவர். அவ்வளவு சத்தமா வைச்சால் கையை எடுத்த உடன ஃபீட்பாக் கத்தத் தொடங்கும். அதுக்காகவே கையை எடுக்காமல், இடைவெளி விடாமல் வாசிக்கப் பழகினதெண்டு சொல்லுறவை. அவற்ற சோலோக்கள் மூச்சு விடாமல் ஓடுறதுக்கு அது ஒரு காரணம். நீர் அடிமை எண்டு சொன்ன 'அவுட்-ப்ளடி-ரேஜஸ்' தொடக்கமும் அவற்ற வேலை தான். அமெரிக்காவில ரெரி றைலி எண்ட இசையமைப்பாளர் செய்துகொண்டிருந்த நாடாச் சுழல் வித்தையை எடுத்து றொக் அல்பத்துக்குள்ள வைச்சவர். அந்த வருசம் ஓகஸ்ட் 13, றோயல் அல்பர்ட் ஹோலில ப்றோம்ஸ் (பிபிசியின்ர கிளாசிக்கல் இசை விழா) கச்சேரிக்கு இவையளைக் கூப்பிட்டவை; அந்த மேடையில ஏறின முதல் றொக் குழு இவை. இடையில வயட் சிகரெட் பத்த வெளியில போக, வாசலில நிண்டவர் திரும்ப உள்ள விடமாட்டன் எண்டு நிண்டாராம். இஞ்ச நல்ல சங்கீதம் மட்டும் தான் நடக்கும், நீ ஆர் எண்டு கேட்டவராம். வயட்டே சொல்லிச் சிரிக்கிற கதை.

இனி வரிசை. சின்னத்தம்பி கித்தார்காரர் கோவிக்கக்கூடாது, 'பண்டில்ஸ்' நல்ல அல்பம். ஆனால் 'தேர்ட்' பிடிச்ச ஒருத்தருக்கு அடுத்தது 'ஃபோர்த்' (1971) தான். பாட்டு இல்லையெண்டு நீர் எடுத்து வைச்சிட்டீர், பரவாயில்லை, திரும்பப் போடும். பாட்டைத் தேடாமல் ஹியூ ஹொப்பரின்ர பேஸைப் பிடிச்சுக்கொண்டு போம். 'கிங்ஸ் அண்ட் குயின்ஸ்' எண்டு ஒண்டு இருக்கு. பேஸ் ஒரு சின்ன வட்டத்தை மெதுவாச் சுத்திக்கொண்டே இருக்கும், அதுக்கு மேல எல்ரன் டீன் சாக்ஸ் ஊதுவார். ஒருத்தரும் அவசரப்படுறேல்லை. ரெண்டாம் பக்கம் முழுக்க 'வேர்ச்சுவலி', நாலு பாகம், அதுவும் ஹொப்பர் எழுதினது. நடுவில எல்லாம் கரைஞ்சு போய் வெறும் ஊளைச் சத்தமா நிக்கும், பேந்து பேஸ் தான் கையைப் பிடிச்சு வெளியில கொண்டு வரும். ஹொப்பரின்ர ஃபஸ் பேஸ் சொர சொர எண்டு, ஓட்டை சைலன்சரோட வாற பழைய மொறிஸ் மைனர் போல. எனக்கு இந்தக் குழு எண்டால் அந்தச் சத்தம் தான். வயட் பாட்டுக்காரர், றற்லெட்ஜ் மூளை, எல்லாம் சரி. ஹொப்பர் 73இல விலகினாப் பிறகு நான் இவையளைக் கேக்கிறது மரியாதைக்கு.

நீர் டிரம்ஸ் அடிக்கிற ஆள் எண்டபடியால் ஒரு வேலை தாறன். 'ஃபிஃப்த்' (1972) எடும். வயட் போயிட்டார். முதல் பக்கத்தில டிரம்ஸ் ஃபில் ஹொவர்ட், அவுஸ்ரேலியாக்காரர். ரெண்டாம் பக்கத்தில ஜோன் மார்ஷல். பதிவு நடக்கேக்கையே ஆள் மாறினது. ஹொவர்ட் தாளத்தை உடைச்சு உடைச்சு எறிவார். எல்ரன் டீனுக்கு அது தான் வேணும், மற்ற ரெண்டு பேருக்கும் அது ஏலாமல் போச்சு. மார்ஷல் வந்த உடன கோடு கீறினது போல எல்லாம் நேராகும். ஒரே அல்பம், ஒரே ஓர்கன், ஒரே பேஸ், ஒரே சாக்ஸ், டிரம்ஸ் மட்டும் வேற. 'ட்ரொப்' கேட்டிட்டு உடன 'பிக்லிங் பிளாண்ட்' கேளும். உமக்கு வயட்டைப் பற்றியும் அதில விடை கிடைக்கும். அவர் இந்த ரெண்டு பேருக்கும் நடுவில நிண்டவர்.

---

ஜூன் மாத நிலா

பெரியப்பா எழுதியதில் முக்கால்வாசியை ஒப்புக்கொள்கிறேன். மீதிக் காலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தம்பி, 'மூன் இன் ஜூன்' ஏன் அந்த ஆல்பத்தில் இருக்கிறது என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியை அந்தக் குழுவில் இருந்தவர்களே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் முதல் பாதியில் ஆர்கன், பேஸ், டிரம்ஸ், குரல் எல்லாமே வயட் ஒருவர்தான். ராட்லெட்ஜும் ஹாப்பரும் பிற்பாதியில்தான் நுழைகிறார்கள். 1968இல் ஹென்ட்ரிக்ஸோடு அமெரிக்கா முழுக்கச் சுற்றிவிட்டு, மற்றவர்கள் ஊர் திரும்பிய பிறகு வயட் மட்டும் அங்கே தங்கி இந்தப் பாட்டை உருட்டிக்கொண்டிருந்தார். நியூயார்க் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வீட்டு மழை வேண்டும் என்று ஏங்குகிற பாட்டு. மற்ற மூன்று பக்கங்களிலும் இந்த மனிதர் வாயே திறப்பதில்லை. 70களில் அதற்குப் பிறகு வந்த சாஃப்ட் மெஷின் ஆல்பங்களில் பாடல் வரிகளே கிடையாது. ஒரு பாடகரை வைத்துக்கொண்டு அவரைப் பாடவிடாத குழு அது. அதனால்தான் உங்களுக்கு அந்தப் பக்கம் தனியாகத் தெரிகிறது.

பிபிசியில் ஜான் பீல் நிகழ்ச்சிக்காக 1969இல் இதே பாட்டைப் பாடியிருக்கிறார்கள், தேடிக் கேளுங்கள். மெட்டு அதே மெட்டு; வரிகளை வயட் மாற்றிவிட்டார். பிபிசி ஸ்டூடியோ எவ்வளவு வசதி, இங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசிக்கலாம், நடைபாதையில் டீ மெஷின் கூட இருக்கிறது என்று பாடுகிறார்! வானொலிக்காரர்களைக் கிண்டல் செய்கிறாரா, நிஜமாகவே நன்றி சொல்கிறாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஆல்பத்தில் உள்ளதைவிட இதுதான் எனக்கு உசத்தி.

ஆகவே என் வரிசை பின்னோக்கிப் போகும். 'வால்யூம் டூ' (1969). துண்டு துண்டாகப் பாட்டுகள், ஒன்றுக்குள் ஒன்று. இங்கிலீஷ் அரிச்சுவடியை ஏ முதல் இசட் வரை பாடிவிட்டு, கொஞ்சம் கழித்துத் தலைகீழாகவும் பாடுவார். ஹாப்பர் குழுவின் முழுநேர பேஸ் கலைஞராக வாசித்த முதல் ஆல்பமும் இதுதான், எனவே பெரியப்பாவும் கோபிக்க முடியாது. இதில் ஜாஸும் இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது. 'ஃபோர்த்'தில் சிரிப்பு எங்கே அண்ணா? எனக்கு அது பரீட்சை ஹால் மாதிரி.

அதன் பிறகு நேராக வயட்டின் 'ராக் பாட்டம்' (1974). 1973 ஜூன் மாதம் ஒரு விருந்தில் ஜன்னலிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். டிரம்ஸ் அத்தோடு முடிந்தது. அந்த நவம்பரில் பிங்க் ஃபிளாய்டும் சாஃப்ட் மெஷினும் லண்டன் ரெயின்போ தியேட்டரில் அவருக்காகக் கச்சேரி செய்து பணம் திரட்டினார்கள். 'ராக் பாட்டம்' தயாரிப்பு பிங்க் ஃபிளாய்டின் நிக் மேசன். அதில் பேஸ் வாசித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஹியூ ஹாப்பர். வயட்டை வெளியே போகச் சொன்ன குழுவின் ஆள் திரும்ப வந்து பக்கத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார். எனக்கு அந்த இடத்தில் ஹாப்பரை ரொம்பப் பிடிக்கும்.

---

ஆறு தந்தி

மூணு பேரும் சேர்ந்து என்னைய ஓரங்கட்டிட்டீங்க, சரி.

கார்ல் ஜென்கின்ஸை யாரும் பேசவே இல்ல. 'சிக்ஸ்' (1973)ல ஓபோவும் (ஊதுற வாத்தியம்) கீபோர்டுமா உள்ள வந்தவரு, ராட்லெட்ஜ் 76ல போனப்புறம் குழுவே அவர் கையில. பின்னாடி ஒரு விமான கம்பெனி விளம்பரத்துக்குப் போட்ட மெட்டு 'அடியேமஸ்' ஆகி உலகமெல்லாம் ஓடுச்சு. 2023ல சார்லஸ் முடிசூட்டு விழால பெரிய மீசை, கண்ணாடியோட ஒருத்தர் உக்காந்திருந்தாரு, இளவரசர் ஹாரி மனைவி மேகன் மாறுவேஷத்துல வந்திருக்குன்னு நெட்ல கலாய்ச்சாங்களே, அது இவருதான்! பாவம், மீசை ரொம்ப வருஷமா வெச்சிருக்கேன்னு விளக்கம் சொல்ல வேண்டியதாப் போச்சு.

இன்னொண்ணு, 68ல அமெரிக்காவுல கொஞ்ச நாள் இவங்ககூடக் கித்தார் வாசிச்சது ஆண்டி சம்மர்ஸ். ஆமா, பின்னாடி 'த போலீஸ்'ல வந்த அதே ஆளு. ஆல்பம் எதுலயும் அவரு இல்லாதது எனக்கு இன்னிக்கும் வருத்தம்.

---

உக்கடத்து டிரம்மர்

அய்யோ, இவ்வளவு பதில் வரும்னு நினைக்கல. எல்லாருக்கும் நன்றி.

பெரியப்பா குடுத்த வேலையச் செஞ்சு பாத்தேன். ஹோவர்ட் பக்கம் கை காலெல்லாம் வேற வேற ஊர்ல இருக்கு. சிம்பல்தான் நேரத்தைச் சொல்லுதுன்னு நம்பினா அதுவும் நழுவிருது. பெடல்ல காலை வெச்சுட்டுச் சும்மா உக்காந்துட்டேன், கூட வாசிக்கவே முடியல. 'பிக்லிங் பிளாண்ட்' வந்தப்ப அப்பாடான்னு இருந்துச்சு, ஆனா கொஞ்ச நேரத்துல ஹோவர்ட் பக்கமே திரும்பிப் போகணும்னு தோணிருச்சு. அதுக்கப்புறம் 'தேர்ட்' போட்டு வயட்டக் கேட்டா, எண்ணிக்கை எங்கயும் தப்பல, ஆனா ஸ்னேர் ஒவ்வொரு சுத்துலயும் வேற இடத்துல விழுது. தாளம் போட்டுட்டே கேட்டேன், என் கைதான் தப்புச்சு.

அக்கா சொன்ன டீ மெஷின் பாட்டும் கேட்டேன். ஏன் அந்த ஆல்பத்துல இருக்குன்னு கேட்டதை வாபஸ் வாங்கிக்கறேன்.

'ஃபோர்த்' மட்டும் இன்னும் அரை மனசுதான். வயட் அதுல எதுக்கோ கட்டுப்பட்டு வாசிக்கற மாதிரி எனக்குப் படுது. இதே பாட்டுகளை அவர் மேடையில எப்படி வாசிச்சார்னு பதிவு ஏதாச்சும் இருக்கா பெரியப்பா?

---

குறோய்டன் பெரியப்பா

இருக்கு தம்பி. 'கிறைட்ஸ்' எண்டு 2006இல வெளிவந்தது. 1970 ஒக்ரோபர், ஆம்ஸ்டர்டாம் கொன்செர்ட்கெபோ மண்டபம், றற்லெட்ஜ், ஹொப்பர், டீன், வயட் நாலு பேர் மட்டும். 'ஃபோர்த்'தில வாற 'ரீத்' அங்க ஓடுற ஓட்டத்தை ஸ்டூடியோப் பதிவோட ஒப்பிட்டுப் பாரும். வயட் கட்டுப்பட்டு இருக்கிறாரோ எண்டது உமக்கே விளங்கும். எங்கட ஃபேர்ஃபீல்ட் ஹோல்ஸ் இரவில வாசிச்ச மற்ற உருப்படிகள் வேணுமெண்டால் 'நுவாசெட்' கேளும், 'ஃபேஸ்லிஃப்ட்' மட்டும் அதில இல்லை. லின் டொப்சன் புல்லாங்குழலோட ஐஞ்சு பேராய் நிண்ட காலம். அந்த ஐஞ்சு பேர் கூட்டு கனநாள் நிலைக்கேல்லை.

நிலாப் பிள்ளைக்கு: 'ஃபோர்த்' பரீட்சை ஹோல் எண்டு சொன்னதுக்கு நான் பதில் சொல்லப் போறேல்லை. ஆனால் 'வேர்ச்சுவலி' மூண்டாம் பாகத்தை இரவில, லைட்டை நூத்துப்போட்டு, சத்தமா ஒருக்கால் கேட்டிட்டு வந்து சொல்லும். 'றொக் பொட்டம்' விசயத்தில சண்டை இல்லை, அது என்ர தட்டிலயும் முன்னுக்குத்தான் இருக்கு.

தம்பி, 'தேர்ட்' வாங்கிறதெண்டால் 2007 பதிப்பைப் பாத்து எடும். ஒலியைக் கொஞ்சம் துடைச்சிருக்கினம், கூட இன்னொரு சிடியில அந்த ப்றோம்ஸ் கச்சேரி முழுக்க இருக்கு. எல்பியாத் தான் வேணுமெண்டு அடம்பிடிச்சால் ரெண்டாவது தட்டில கீறல் இருக்கோ எண்டு வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்து வாங்கும். பழைய தட்டுகளில 'மூன் இன் ஜூன்' பக்கம் தான் எப்பவும் தேய்ஞ்சு கிடக்கும்.

---

ஜூன் மாத நிலா

பார்த்தீர்களா, எல்லாரும் எந்தப் பக்கத்தைத்தான் போட்டிருக்கிறார்கள் என்று!